ஆயுத பூஜைக்குத் துலக்கிய அமெரிக்க வெள்ளி

என் பிள்ளைகளில் யாராவது, கேட்காமலே எனக்கு உதவி செய்யப் போவதாகச் சொன்னால் இன்றும் முதலில் 'வேண்டாம்' என்றுதான் சொல்வேன். அப்படியோர் உதவியை எட்டு வயதில் நானே செய்திருக்கிறேன்.

மலாயாவில் மெர்சிங் போகும் பாதையில் இருந்த ரப்பர் தோட்டத்தில், அப்பா புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். அம்மாவின் தம்பியான மாமா அங்கேயே கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி; எங்களோடுதான் இருந்தார். அத்தை இந்தியாவில், ஊரில். கலியாணமான மறுமாதமே கப்பலேறி வந்துவிட்ட மாமா, அத்தையை அழைத்துக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருந்தார்.

அவரிடம் ஒரு சுருட்டுப் பெட்டியில் பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள் இருந்தன. சீனாவோடு வியாபாரம் செய்வதற்கென்று அமெரிக்காவில் அடித்தவை. சீனர் கடைகளில் எடைக்குக் கிடைத்தன. ஒரு பக்கம் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும் பெண், மறுபக்கம் கழுகு. ஞாயிறுதோறும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து தரம் பிரிப்பார். பெண்ணின் முழங்கால் மழுங்கியிருந்தால் மூன்றாம் தரம். கழுகின் இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தால் இரண்டாம் தரம். சீன வணிகர்கள் சோதித்துக் குத்திய முத்திரையும் இல்லாமல், தேய்மானமும் இல்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அதன்மேல் மழைமேகம்போல் ஒரு கருநீலம் படிந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து ரப்பர் வாங்க வரும் அமெரிக்கத் துரை அந்த நிறத்தில் மயங்கி, அடுத்த முறை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"ஒங்க அத்தைக்குக் கப்பல் டிக்கெட் இதுதான், தெரியுமா?" என்று மாமா அதைத் துணியில் பொதிந்து வைத்தார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைத் துலக்கினார்கள். அப்பா கத்தரிக்கோலைத் துலக்கினார். மாமா ஒரு பேனாவை மட்டும் சாமி முன் வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. வாரம் தவறாமல் அவர் உட்காருவது அந்தப் பெட்டியோடுதானே? அதிலேயே அதிகம் கறுத்திருந்ததை எடுத்து, புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் கை வலிக்கத் தேய்த்தேன். கண்ணாடிபோல் ஆயிற்று. குங்குமமும் வைத்தேன்.

மாமா வந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீயா வெளக்கின?"

"ஆமா மாமா. ரொம்ப அழுக்கா இருந்துச்சு."

"ம். பளபளன்னுதான் இருக்கு" என்று என் தலையில் கை வைத்தார்.

மறுவாரம் துரை வந்தபோது, பாராட்டைக் கேட்க நானும் ஆபீசுக்கு ஓடினேன். கருநீலம் போய், சாம்பல் கீறிய கோடுகளே மிஞ்சியிருந்தன. துரை பூதக்கண்ணாடி வழியே ஒரு கணம் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். யார் தேய்த்தது என்று கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். துரை சிரித்துவிட்டு, நாணயத்தை வாங்காமலே போனார். என் வேலையைத் தன்னுடையதென்று சொல்லிக்கொண்டாரே என்ற கோபத்தில், இரண்டு நாள் மாமாவோடு நான் பேசவில்லை.

அடுத்த வருடம் ரப்பர் விலை விழுந்தது. மாமாவின் சம்பளம் பாதியாயிற்று.

"என்ன கிராணி, வீட்டம்மா இன்னும் கப்பல் ஏறலையா? வேற ஆள் பாத்துட்டாங்களா?" என்று கங்காணி கேலி செய்வார்.

"அவளுக்குக் கடல்னா பயம் லா" என்பார் மாமா.

நான் அதை அப்படியே நம்பினேன். அத்தைக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் மாமா எனக்கும் கீழே இரண்டு வரி இடம் விடுவார். 'பயப்படாதீங்க அத்தை, சின்னப் பிள்ளைங்களே கப்பல்ல வர்றாங்க' என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். மாமா அதைப் படித்துவிட்டு, உறையில் வைத்து ஒட்டுவார்.