மெத்தனால் ஊற்றாத பாட்டில்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மாலை, பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் வரும் ரயிலில் நடந்தது இது. கோலார் தங்கவயலை ஒட்டிய கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து தினமும் பெங்களூர் போய் வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. சர்க்கரை தின்னும் கிருமியின் மரபணுவை மாற்றி, மெத்தனாலைத் தின்று வளர வைப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. புகையில் வீணாகப் போகும் கரியமில வாயுவிலிருந்தே மெத்தனால் தயாரிக்கலாம். அதைத் தின்னும் கிருமி கிடைத்துவிட்டால், அதை வைத்துப் பிளாஸ்டிக்கும் மருந்தும் செய்யச் சர்க்கரையைக் கொட்ட வேண்டியதில்லை.

எட்டு மாதம் அந்தக் கிருமி அசைந்து கொடுக்கவில்லை. அன்றைக்கு, மெத்தனால் ஊற்றிக் கிருமியை விட்ட பாட்டில் கலங்கியிருந்தது. கலங்கினால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வரவிருந்த கம்பெனிக்காரர்களுக்குக் காட்ட, பேராசிரியர் அதைப் படம் எடுத்து ஸ்லைடிலேயே சேர்த்துவிட்டார். நான் மைசூர்பாகு வாங்கி வந்து ரயில் பெட்டியில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

எதிர் சீட்டில் ஓர் அக்கா. கார்மென்ட்ஸில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. என்ன விசேஷம் என்று விலாவாரியாகக் கேட்டார். கிருமிக்கு ஆரம்பத் தெம்புக்காகத் துளி ஈஸ்ட் சாறும் சேர்ப்போம் என்றேன். மென்றுகொண்டே கேட்டார்:

"மெத்தனால் ஊத்தாம, அந்தச் சாறு மட்டும் போட்ட பாட்டில் இன்னா ஆச்சும்மா?"

"அது தெளிவா இருக்குதுக்கா" என்றேன்.

பொய். மெத்தனால் இல்லாமலும் வளர்கிறதா என்று பார்க்க அப்படி ஒரு பாட்டில் வைத்திருக்க வேண்டும்; நான் வைக்கவே இல்லை. மூன்று நாள் முன்பு, ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடி வந்திருந்தேன். அக்கா "அப்ப சரி" என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். அவர் அப்படி நம்பியதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பங்காருப்பேட்டை வருவதற்குள் பேராசிரியருக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிட்டேன். படத்தை எடுத்துவிடுகிறேன், இரண்டு பாட்டிலாக மறுபடி வை என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வைத்தேன். மூன்றாம் நாள் இரண்டு பாட்டிலும் ஒன்றுபோலக் கலங்கியிருந்தன. தின்றது சாற்றைத்தான், மெத்தனால் பக்கமே அது போகவில்லை. கழிவறைக்குப் போய் அழுதேன்.

அன்று மாலை ரயிலில் அக்காவிடம், தெளிவாக இருக்கிறது என்று முன்பு சொன்னது பொய், இப்போது வைத்துப் பார்த்தால் இரண்டுமே கலங்கிவிட்டன என்று சொன்னேன். அக்கா சொன்னார்:

"சாப்ட்ட ஸ்வீட்ட திருப்பித் தர முடியாதும்மா. நெஜமா வளந்தா இன்னொரு வாட்டி வாங்கியா."

பெட்டியே சிரித்தது. நானும்தான்.

கிருமி இன்னும் வழிக்கு வரவில்லை. இப்போதெல்லாம் நல்ல முடிவு ஒன்று வந்தால் சந்தோஷத்துக்கு முன்னால், எதைப் பார்க்காமல் விட்டேனோ என்ற பயம்தான் எனக்கு வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.