ஏரம்பமூர்த்தி மூன்று மத்தியானம் சொன்னது

ரஜிதா இதுவரை நூற்று நாற்பது பேருடைய வாழ்க்கையைத் தட்டச்சு செய்திருக்கிறாள். பெரும்பாலும் செத்துப்போனவர்களுடையது. பினாங்கிலும் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலும் யாழ்ப்பாண வழிவந்த குடும்பங்களில் ஒருவர் போய்விட்டால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும். அட்டையில் நினைவு மலர் என்று போடுவார்கள். வயதானவர்கள் இன்னும் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். முன்பக்கத்தில் இறந்தவர் கோட்டுப் போட்ட படம், உள்ளே தேவாரம், பிறகு எங்கே பிறந்தார், எந்த ஆபீசில் எத்தனை வருஷம் இருந்தார் என்று இரண்டு பக்கம், கடைசியில் நன்றி. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த ரஜிதா, அந்த ஆபீஸ் மூடிய பிறகு பதினைந்து வருஷமாக ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்து வருகிறாள். வயது ஐம்பத்தொன்று. அடுப்பில் குக்கர் இருந்தால்தான் அவளுக்கு விரல் ஓடும்.

பதினோரு வருஷம் ஒரு கறுப்பு மடிக்கணினி அவளுக்கு உழைத்தது. இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறது. ஒருமுறை அதன்மேல் ரசம் கொட்டி, சர்வீஸ் கடைப் பையன் அவள் கண்ணெதிரிலேயே கழற்றித் துடைத்து, கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தான். போன ஜனவரியில் அதன் விசிறி நின்றபோது கணவன் தேவகுமார், "இந்தத் தடவ ஒசந்ததா வாங்கிடுவோம்லா. மலிவா வாங்கி மாத்தி மாத்திக் கெடக்க முடியாது" என்றான். அவன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவன். பொருள் விஷயத்தில் அவன் பேச்சுதான் வீட்டில் எடுபடும். கடையில் இருந்ததிலேயே விலை கூடியதை வாங்கினார்கள். சாம்பல் நிறம், சாப்பாட்டுத் தட்டைவிட மெல்லியது. எங்குமே ஒரு திருகாணி கண்ணில் படவில்லை.

மே மாதம் அது ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. சர்வீஸ் செண்டரில் பத்தொன்பது நாள் வைத்திருந்து போர்டை மாற்றினார்கள். உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று. அச்சுக்குப் போய்விட்ட இரண்டு மலர்கள்தான் என்பதால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலையில் இரண்டு விசைகள் ஒட்டிக்கொண்டன. விசைப்பலகையை மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு ஸ்பீக்கர் கரகரத்தது.

"எங்க பேக்டரில முன்ன ஒரு லாட்டுக்குப் பத்து எடுத்து அடிச்சுப் பாப்போம்" என்றான் தேவகுமார். "இப்ப கஸ்டமர்தான் அடிச்சுப் பாக்கிறான்."

ஆகஸ்டில் எதிர்ப் பிளாக்கிலிருந்து ஏரம்பமூர்த்தி வந்தார். எழுபத்தொன்பது வயது, புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் டிக்கெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரலில் கட்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சு வாங்க, சாப்பாட்டு மேசையில் ரஜிதாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் போனா என் மகன் மெல்பர்ன்ல இருந்து வந்து ரெண்டு வரி எழுதிக் குடுப்பான், பிள்ள. அதுல ஸ்டேஷன் பேரே தப்பா இருக்கும். நானே சொல்லிடுறேன். நீ அடி."

"உங்களுக்கு ஒன்னும் ஆகாது மாமா."

"ஆகலன்னா நீயே வச்சுக்க. படிச்சுப் பாரு."

அடுத்தடுத்து மூன்று மத்தியானம் சொன்னார். அவள் அடித்தாள். இருபத்திரண்டு பக்கம் வந்தது. தன் மலரைத் தானே சொல்லி எழுதவைத்தவர் அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. தன் மனைவி நல்லம்மாவுக்கோ மகன் ஸ்ரீகரனுக்கோ இப்போது காட்டக்கூடாது, அந்தியேட்டி அன்றைக்குத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செப்டம்பர் நடுவில் இறந்தார்.

அந்த இருபத்திரண்டு பக்கம் அந்த மடிக்கணினியில் மட்டும்தான் இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு சர்வீஸ் செண்டரிலேயே ஏதோ அமைத்துக் கொடுத்து, இனி எல்லாம் தானாகவே கம்பெனியின் சேமிப்புக்குப் போய்விடும், கவலை வேண்டாம் என்றிருந்தார்கள். போகத்தான் செய்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் இலவச இடம் நிரம்பிவிட்டதாக ஒரு சின்னப் பெட்டி திரையின் மூலையில் வர ஆரம்பித்தது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து அவள் தினமும் காலையில் அதை மூடினாள்.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு வீட்டில் உழைக்கிற எல்லாவற்றுக்கும் தேவகுமார் பொட்டு வைப்பான். கார், கிரைண்டர், தையல் மெஷின், பழைய மடிக்கணினியின் மூடி. இந்தப் புதியதன் மூடியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னம் இருந்தது. சந்தனம் பட்டால் அது கறுத்துவிடுமோ என்று பயந்து, மூடியைத் திறந்து, விசைகளுக்கு மேல்பக்கத்து வெற்றிடத்தில் பன்னீரில் குழைத்த சந்தனத்தை வைத்து அதன் நடுவில் குங்குமம் இட்டான். மாவிலையால் தண்ணீரும் தெளித்தான். அந்த இடத்தில் வண்டு துளைத்தது போலப் பொடிப்பொடியாக ஸ்பீக்கர் துளைகள் இருந்தன.

ஐந்தாம் நாள் அது மறுபடி எழுந்திருக்கவில்லை. அந்தியேட்டிக்கு எட்டு நாள் இருந்தது.

சர்வீஸ் செண்டரில் நான்கு கவுண்டரில் ஒன்றுதான் திறந்திருந்தது. எண் சீட்டு எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். கவுண்டரில் இருந்த ரோஹானாவுக்கு மே மாதத்திலிருந்தே அவள் முகம் பழக்கம். "இந்தத் தடவை என்ன, புவான்?" என்று மலாயில், அம்மா என்கிற மரியாதையோடு, கேட்டுக்கொண்டே புது கேஸ் எண் ஒன்றைப் போட்டாள். அந்த மேசையில் ஒரு திருப்புளிகூட இல்லை. பொருள் கோலாலம்பூருக்குப் போகும், அங்கே பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

"உள்ளே இருக்கிறதை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும்" என்றாள் ரஜிதா.

"குறிப்பில் எழுதிவிடுகிறேன்."

அவள் எழுதவும் செய்தாள். ரஜிதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதன்பின் நான்கு நாள் அவள் தொலைபேசியோடு இருந்தாள். கம்பெனி எண்ணுக்கு அடித்தால் முதலில் ஒரு பாட்டு. பிறகு யாராவது வருவார்கள். கேஸ் எண்ணைக் கேட்டு, கதையை முதலிலிருந்து கேட்டு, உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். காமினி என்ற ஒருத்தி இரண்டு முறை வந்தாள். இரண்டாம் முறையும் முதல் முறை பேசியது போலவே பேசினாள். ரஜிதாவுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய இடத்தில் வெறுமனே ஏதோ மரத்துக் கிடந்தது. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்தாள். வேலை முடிவதற்கு முன்பே, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை தருவீர்கள் என்று செய்தி வந்தது. மூன்று போட்டாள்.

ஐந்தாம் நாள், பொருள் கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்துவிட்டதாக ரோஹானாவே கூப்பிட்டாள். போனபோது ஒரு படத்தைக் காட்டினாள். திறந்த மடிக்கணினியின் உள்பக்கம். ஓரிடத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இது என்ன, புவான்?"

"சந்தனம். குங்குமம்."

"சாப்பிடுவதா?"

"இல்லை. சாமிக்கு."

ரோஹானா தன் திரையைப் பார்த்தாள். தேநீர், காப்பி, குளிர்பானம், தண்ணீர், மற்றவை என்று பட்டியலில் இருந்தது. கொஞ்சம் யோசித்து 'மற்றவை' மேல் அழுத்தினாள்.

"திரவம் போயிருந்தால் வாரண்டி கிடையாது. போர்டை மாற்ற வேண்டும், செலவு உங்களுடையது."

"மே மாதம் சந்தனம் வைக்கவில்லையே. அப்போது ஏன் செத்தது?"

"அந்த கேஸ் மூடியாகிவிட்டது, புவான்."

"உள்ளே இருப்பது?"

"போர்டோடு சேர்ந்ததுதான் சேமிப்பும். கழற்ற வராது. போர்டை மாற்றினால் பழையதை அவர்கள் அழித்துவிடுவார்கள்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் தங்கச்சிக்கும் இதே மாடல்தான். இதே கதைதான். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்."

ரஜிதா ரிப்பேர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுச் செத்த பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலமே தேவகுமார் அதை சூலியா ஸ்ட்ரீட் ஷேக் அலாவுதீனின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "பழசா இருந்தா டிஸ்க்க உருவி எடுத்துக் குடுத்திருப்பேன், தம்பி. இதுல எல்லாத்தையும் ஒன்னாப் போட்டு ஒட்டிட்டானுங்க. அந்தச் சில்லும் செத்துருச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து தேவகுமார் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். பிறகு, "கிரைண்டருக்கு இருவது வருஷமா வைக்கிறேன். அது ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றான்.

"நீங்க என்ன பண்ணுவீங்க. சாப்பிடுங்க."

"அந்த அம்மாகிட்ட நான் வேணா வந்து சொல்றேன், ரஜி."

"வேணாம். நானே போறேன்."

நல்லம்மா கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எழுபத்து நாலு வயது. சாய்ந்து உட்காரத் தெரியாத மனுஷி. மூன்று நாளில் அந்தியேட்டி. மகன் ஸ்ரீகரன் கோயிலுக்குப் போயிருந்தான். ரஜிதா சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

நல்லம்மா கேட்டு முடித்துவிட்டு, "சரி. அத விடு. அவர் சொன்னத நீ சொல்லு. இருந்து எழுதிக்குவோம். நீதான முழுசாக் கேட்டவ" என்றாள்.

ரஜிதா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, சொல்ல எதுவும் இல்லை என்று. மூன்று மத்தியானமும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருந்தது. ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தது ஞாபகம் இருந்தது. காதில் விழுந்தது நேராக விரலுக்குப் போயிருந்தது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. நூற்று நாற்பது பேருக்கும் அப்படித்தான் என்று தோன்றியது.

"ஏதோ வெள்ளம் வந்து ரயில் நின்ன கதை ஒன்னு சொன்னாரு, மாமி. எந்த வருஷம்னு தெரியல. அப்புறம் கால்ல போடுற சப்பாத்து பத்தி ஏதோ. யாருக்கோ வாங்கிக் குடுத்தது."

"யாருக்கு?"

"ஞாபகம் இல்ல."

"என்னப் பத்தி எதும் சொன்னாரா?"

சொல்லியிருப்பார். நல்லம்மா என்ற பெயரை அடித்த ஞாபகம் விரலில் எங்கோ இருந்தது. ஆமாம் என்று சொன்னால், என்ன சொன்னார் என்று கேட்பாள்.

"அடிச்சேன், மாமி. கேக்கல."

நல்லம்மா திட்டுவாள் என்றுதான் ரஜிதா நினைத்தாள்.

"நானும் அப்படித்தான்" என்றாள் நல்லம்மா. "நாப்பத்தொம்போது வருஷம். அவர் பேசுவாரு, நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன். உன் போன எடு. எனக்குத் தெரிஞ்சதப் போடுவோம்."

ரஜிதா தொலைபேசியிலேயே அடித்தாள். தாசேக் கெலுகோரில் பிறந்தார். அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதியவர். முப்பத்துநான்கு வருஷம் ரயில்வே. சீனி போடாத காப்பிதான் குடிப்பார். நல்லம்மா வேறொன்றைச் சொல்லி, பிறகு அதை வேண்டாம் என்றாள். ஆறு வரி வந்தது. ஆறாவது வரியை இரண்டு முறை மாற்றினார்கள். அச்சகத்தில் மறுநாளே அடித்துக் கொடுத்தார்கள். தேவாரத்தைக் கூட்டிப் போட்டதால் பன்னிரண்டு பக்கம் வந்தது.

அந்தியேட்டி அன்று சாப்பாட்டுக்கு முன் புத்தகத்தைக் கொடுத்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், சிலர் விசிறிக்கொண்டார்கள். ஸ்ரீகரன் நின்றபடியே படித்தான். அப்பா எதிர்ப் பிளாக்குக்குப் போய் மூன்று நாள் சொல்லிவிட்டு வந்தது அவனுக்குத் தெரியும். அவரே போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தைத் திருப்பினான். பின்னால் தேவாரம் இருந்தது. மறுபடி முன்னால் வந்தான்.

"மூனு நாள் சொன்னது இவ்வளவுதானா, அம்மா?"

இலை போட்டுக்கொண்டிருந்த ரஜிதா நிமிர்ந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தாள்.

"இவ்வளவுதான் சொன்னாரு" என்றாள் நல்லம்மா. "உங்கப்பா அதிகம் பேசுற ஆளு இல்லயே. வா, வந்து உக்காரு. சோறு ஆறுது."

அவன் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரஜிதா அவனுக்கும் ஒரு இலை போட்டாள்.