மல்லிகைப் பொட்டலத்தில் வந்த மெயில்

அறிவுச்செல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்லித்தான் ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளைக் காட்டுவார்கள். வரட்டுமே, என்ன கெட்டுப்போச்சு? அவள் இடத்தில் இருந்தால் கல்லுக்கும் வந்திருக்கும். வேடசந்தூர் பக்கம் விவசாய வீட்டுப் பெண். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு நூல்மில் முதலாளியின் தலைமை ஆபீசில் சேர்ந்தாள். அங்கே ஏசி அறையில் ஒரு மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் இருந்தது. சுற்றுவட்டார மில்களின் சம்பளம், லீவு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அந்தப் பெரிய மெஷினுக்குள்தான். அதைக் கட்டி மேய்ப்பது செல்வி.

இரண்டாயிரத்து மூன்றில், அந்த மெஷினிலிருந்தே மில்களுக்கு இந்த விவரமெல்லாம் மெயிலில் போகட்டும் என்று மேனேஜர் ஆனந்த்ராஜ் உத்தரவு போட்டார். மில்களில் நெட் கிடையாது. நிலக்கோட்டை மில்லுக்கு வரும் மெயிலைப் பூ மார்க்கெட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் திறந்துதான் பிரிண்ட் எடுப்பார்கள். கண்டவனும் படிப்பானே என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே போகும் முன்பே மெயிலை யாருக்கும் புரியாதபடி மாற்றிப் பூட்டிவிடலாம், பிளாப்பியில் வாங்கிப்போய் மில்லில் திறக்கட்டும், சாவி மில் டாக்டரிடம் மட்டும் இருக்கட்டும் என்றாள். அதற்கான புரோகிராமையே எழுதி முடித்துவிட்டாள். ஆனந்த்ராஜ் கையெழுத்துப் போடவில்லை. மெஷினுக்கு வேலை கூடும் என்றார், பிறகு பார்ப்போம் என்று இழுத்தார். கடைசியில் வாய்விட்டே சொன்னார்.

"மில்லுப் பிள்ளைகளுக்கு என்னம்மா ரகசியம் இருக்கு?"

நிலக்கோட்டை மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவள் பேச்சாயி. காசநோய் வந்து, மருந்தை முழுசாகச் சாப்பிட்டுக் குணமானவள். அவள் ரிப்போர்ட்டை அந்தப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தபோது மை திட்டாகிவிட்டது. பாழான தாளையெல்லாம் பூக்காரிகளுக்குக் கொடுத்துவிடுவது அந்த சென்டரின் வழக்கம். பேச்சாயியோடு தங்கியிருந்தவள் வாங்கிவந்த மல்லிகைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே பேச்சாயியின் பெயர், பக்கத்தில் டிபி. குணமாகிவிட்டது என்ற வரி மையில் மறைந்துபோயிருந்தது.

அன்றைக்கே விடுதியில் பேச்சாயியின் தட்டைத் தனியாக வைத்தார்கள். பிறகு விடுதியில் இடமில்லை என்றார்கள். விடுதி போனால் வேலையும் போச்சு. அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பேச்சாயி திண்டுக்கல் ஆபீசுக்கு, செல்வியிடமே வந்துவிட்டாள்.

"உங்க ஆபீசுப் பேரு போட்டிருக்கேக்கா. நான் டாக்டர்ட்ட மட்டுந்தான சொன்னேன்?"

செல்வி தாளைக் கொண்டுபோய் ஆனந்த்ராஜ் மேஜையில் வீசினாள். அவரோ, அது பிரவுசிங் சென்டர்க்காரன் தப்பு என்று கை கழுவிவிட்டார்.

அடுத்த மாதம் ஆபீஸ்காரர்களுக்கும் பரிசோதனை நடந்தது. அந்த ரிப்போர்ட்டுகளும் நிலக்கோட்டையில் இருந்த அதே டாக்டருக்குத்தான் போகவேண்டும். அதுவரை செல்வி பக்கமே எட்டிப்பார்க்காத ஆனந்த்ராஜ், அன்று அவள் மேஜைக்கே வந்து நின்றார். குரல் குழைந்தது.

"என்னோடத மட்டும் பூட்டி அனுப்பிரும்மா."

"மில்லுப் பிள்ளைகளுக்கு இல்லாத ரகசியம் உங்களுக்கு மட்டும் என்ன சார்?"

அறையே திரும்பிப் பார்த்தது. அவர் அங்கேயே உட்கார்ந்து, எல்லா மெயிலையும் பூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேச்சாயியைத் திரும்பச் சேர்க்கும் தாளையும் செல்வி நீட்டினாள். அது தன் கையில் இல்லை என்று எழுந்து போய்விட்டார். வெட்கங்கெட்ட மனுஷன்.

அவருடைய மெயிலை மட்டும் திறந்தபடி விட அவளுக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பூட்டித்தான் அனுப்பினாள். அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பேச்சாயி செம்பட்டிப் பக்கம் தக்காளி பறிக்கப் போனாள். அங்கேயும் விஷயம் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, தண்ணீர் குடிக்கத் தனிச் செம்பு வைத்திருந்தார்கள்.