சாமி இன்னும் கண் திறக்கலைங்க

2007-ம் வருடம் திருவண்ணாமலையில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கணவர் சின்னக்கடைத் தெருவில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருந்தார். வீட்டில் எங்கள் இருவரோடு மாமியார். இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்த மூன்று வருடமும் எங்களுக்குக் குழந்தை இல்லை. நாங்களேதான் வேண்டாம் என்று தள்ளிப்போட்டிருந்தோம். நான் தபால் வழியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். அவர் கடையை அப்போதுதான் தனியாக எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தார். படிப்பு முடியட்டும், கடையும் நிலைக்கட்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

ஆனால் இதை வெளியில் சொல்ல முடியுமா? கல்யாணமான அடுத்த மாதமே, ‘என்ன, ஏதாவது விசேஷமா?’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பூ விற்கிற அம்மா கேட்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத பெண் கேட்பார். ஸ்டாஃப் ரூமில் முறை வைத்துக்கொண்டு கேட்பார்கள். ‘நாங்களே வேணாம்னு இருக்கோம்’ என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், கேள்வி மேல் கேள்வியாகக் குடைந்து எடுத்துவிடுவார்கள். இதற்கென்றே நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ‘சாமி இன்னும் கண் திறக்கலைங்க.’ அதைச் சொன்னதும் கேட்டவர் முகம் இளகிவிடும். ‘அண்ணாமலையார் குடுப்பாரும்மா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மாமியாரிடமும் இதையேதான் சொல்லியிருந்தேன். அவர் பேரப்பிள்ளைக்காக ஒரு பௌர்ணமி விடாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் குதிகால் முழுக்க வெடிப்பு, போதாததற்கு முட்டி வலி. திரும்பி வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, ‘அடுத்த மாசம் பாரு’ என்பார். அந்த வெந்நீரை வைத்துக் கொடுப்பதே நான்தான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வராது.

பி.எட். முடிந்தது. இனிமேல் பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது ஆஸ்பத்திரிச் செலவுதான். என் அக்காவுக்குப் பிரசவத்தில் சிக்கலாகி, வேலூருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியதில் அவள் நகை மொத்தமும் போனதைப் பார்த்தவள் நான். பெரிய கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்குக் கம்பெனியே மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்துவிடும், அதில் பிரசவமும் அடக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரருக்கும் தனியார் பள்ளி டீச்சருக்கும் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? நாங்களே தனியாக எடுப்போம் என்று, எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு ஏஜென்ட்டை வீட்டுக்கு வரச் சொன்னோம்.

நல்ல மனிதர், நிதானமாகத்தான் பேசினார். குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனையில் இருக்கிறோம், பிரசவத்துக்குப் பணம் வருமா என்று குரலைத் தாழ்த்தி, ஆனால் நேராகவே கேட்டேன்.

“தனியா எடுக்கறதுல பிரசவம் வராதும்மா. அது நோய் இல்லியே!” என்றார்.

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. எந்தச் செலவுக்குப் பயந்து இதை எடுக்க நினைத்தேனோ அதற்கே கிடையாதாம். அப்படியென்றால் எதற்குத்தான் வரும் என்று கேட்டேன். கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, உயிருக்கு ஆபத்தாகி ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தால் அதற்கு மட்டும் உண்டு என்றார். அதெல்லாம் நமக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மற்ற நோய்களுக்கு ஆகும், குழந்தை பிறந்த பிறகு அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதால் சம்மதித்தோம்.

அவர் விவரங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். “கல்யாணம் ஆயி எத்தினி வருஷம் ஆவுதும்மா?” சொன்னேன். “இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?”

உள்ளே மாமியார் காபி கலந்துகொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு என் வாய் பழக்கதோஷத்தில் தானாகவே பதில் சொன்னது.

“சாமி இன்னும் கண் திறக்கலைங்க.”

“அதெல்லாம் குடுப்பாரு, குடுப்பாரு” என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். நான் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். மாமியார் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ஏஜென்ட் கிளம்பிப் போனார்.

சில மாதங்களில் எனக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு மாமியாரிடம் சொல்லலாம் என்று இருந்தோம். அதற்குள் ஒரு பௌர்ணமி அன்று, வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டேன். அடிவயிற்றில் அப்படி ஒரு வலி. தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம், ஆட்டோ நகரவே இல்லை. டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, கத்திக் கத்தி வழி வாங்கினார். நர்சிங் ஹோமில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, குழாயில் தங்கிய கரு வெடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஆளே பிழைத்திருக்க மாட்டாள் என்று கணவரிடம் சொன்னாராம். ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்துக் குழாயையே எடுத்துவிட்டார்கள். கரு போய்விட்டது. நான் பிழைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் மாமியார் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருந்திருக்கிறார். கையில் செல்போன் கிடையாது. சுற்றி முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். புழுதிக் காலோடு என் கட்டிலருகே வந்து நின்றவர், “கண்ணைத் தொறந்தவரு ஒடனே மூடிட்டாரே” என்று அழுதார்.

ஏஜென்ட் ‘அதற்கு மட்டும் உண்டு’ என்று சொன்னாரே, அதுவே எனக்கு வந்துவிட்டது. கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் பணம் வந்தால்தான் கடை ஓடும் என்ற நிலை. கேட்ட எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். கடைசியில் முடியாது என்று பதில் வந்தது. பாலிசி எடுப்பதற்கு முன்பிருந்தே எனக்குக் குழந்தையின்மைக் கோளாறு இருந்ததாம். அதன் தொடர்ச்சிதான் இதுவாம்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எனக்கே தெரியாமல் எனக்கு ஒரு நோயா? மறுநாளே இன்ஷூரன்ஸ் கம்பெனி அலுவலகத்துக்குக் கிளம்பினேன். கணவரால் கடையை விட்டு வர முடியவில்லை. ஆபரேஷன் ஆன உடம்போடு தனியாகப் போகக்கூடாது என்று மாமியார் கூடவே வந்துவிட்டார்.

யார் இப்படிச் சொன்னது என்று அங்கிருந்த அதிகாரியைக் கேட்டேன்.

“நாங்க சொல்லலம்மா. நீங்க சொன்னதுதான்” என்று சொல்லி, ஏஜென்ட் எழுதியிருந்ததைச் சத்தமாகவே படித்துக் காட்டினார். ஏற்கெனவே இருக்கும் நோய்கள் என்ற இடத்தில், கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை பாக்கியம் இல்லை என்று இருந்தது. நான் சாமி தலையில் போட்ட பழியை அந்த நல்ல மனிதர் என் உடம்பில் இருக்கும் கோளாறாக எழுதிவிட்டிருக்கிறார்!

யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெறுவது நோய் இல்லையாம், அதனால் பணம் கிடையாது. பிள்ளை பெறாமல் இருப்பது நோயாம், அதனாலும் பணம் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் பெண்ணுக்குக் கிடையாது என்பதை எவ்வளவு அழகாகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்!

“சார், அது ஊர்ல எல்லாரும் பேச்சுக்குச் சொல்றதுங்க” என்றேன்.

“பேச்சுக்குச் சொன்னீங்களா, நெஜமா சொன்னீங்களான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? மூணு வருஷமா இல்லன்றது உண்மைதானே?”

பக்கத்தில் மாமியார். அவருடைய காலை நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். வேறு வழியில்லை. “நாங்கதான் இப்ப வேணாம்னு தள்ளிப்போட்டோம்” என்றேன். அந்த ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். புருஷனும் பெண்டாட்டியும் அறைக்குள் பேசிக்கொண்டதை, முன்பின் தெரியாத ஆம்பிளைகள் நடுவில் உரக்கச் சொல்ல வேண்டி வந்த அந்த நிமிடத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அதிகாரி சிரித்தார். சிரித்துக்கொண்டே, “அதுக்கு இன்னாம்மா ஆதாரம்?” என்று கேட்டார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ. “உங்களுக்கு எத்தினி பசங்க சார்?” என்று கேட்டேன்.

“ரெண்டு. அதுக்கும் இதுக்கும்...”

“ரெண்டாவதுக்கு அப்புறம் உங்க வீட்ல சாமி கண்ணை மூடிக்கிட்டாரா? அதுக்கு என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. மரியாதையாகப் பேசுங்கள் என்று எழுந்தார். அதற்குள் மாமியார் முன்னால் போய் நின்றுகொண்டார்.

“இந்தாப்பா, மலையைச் சுத்துனது நானு. கோவப்படணும்னா நான்தான் படணும். உனக்கின்னா வந்துச்சி? என் மருமவளுக்கு நோவுன்னு எழுதி வெச்சிருக்கியே, அத மொதல்ல அடி.”

அடிக்கவெல்லாம் முடியாது, வேண்டுமானால் டாக்டர் சொல்லட்டும் என்று இறங்கி வந்தார் அவர். குழந்தைக்காக நான் எந்த வைத்தியமும் செய்துகொண்டதில்லை, அப்படி ஒரு கோளாறும் எனக்கு இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் பல மாதம் நடையாய் நடக்க வைத்துத்தான் பணம் கொடுத்தார்கள். தவறு நடந்துவிட்டது என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. ஏஜென்ட் எழுதிய அந்த வரியும் அந்தப் பாலிசி இருக்கும்வரை அப்படியேதான் இருக்குமாம். அதைச் சுமந்துகொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விட்டுவிட்டு வேறு இடத்தில் புதிதாக எடுப்பது என்று முடிவு செய்தோம்.

அதிகாரியோடு சண்டை போட்ட அன்றைக்கு, அலுவலகத்திலிருந்து திரும்பியதும் மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு என் முன்னால் வந்துவிடும். சில நாள் கழித்து அவரே, “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா அத்தை?”

சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். “விட்டிருக்க மாட்டேன்தான்” என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதுப் பாலிசிக்கு வந்தவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அடுத்த கர்ப்பத்துக்குக் கொஞ்ச காலம் போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்த நேரம் அது. ஆபரேஷன் விவரத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவரும் எழுதிக்கொண்டே வந்தவர், தலையை நிமிர்த்தாமல், “இப்ப விசேஷம் ஏதாவது உண்டாங்க?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“நல்லா எழுதிக்கோம்மா. சாமி கண்ணைத் தொறந்துதான் இருக்காரு. இவங்கதான் கொஞ்ச நாள் போவட்டும்னு இருக்காங்க.”

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அந்தப் பிரசவத்துக்கும் இன்ஷூரன்ஸில் ஒரு பைசா வரவில்லை, அது நோய் இல்லையே! இன்றைக்கும் ஸ்டாஃப் ரூமில் புதிதாகக் கல்யாணமான பெண் யாராவது ‘சாமி இன்னும் கண் திறக்கலைங்க’ என்று சொல்லக் கேட்டால், எனக்குக் கோபம் வருவது சாமிமேலும் இல்லை, அவள்மேலும் இல்லை, அப்படியொரு பொய்யை அவள் வாயில் வரவழைத்த அந்தக் கேள்விமேல்தான்.