அம்மா தள்ளிய கார்கள்

எங்கள் வீட்டுக் கார் எதிலும் பின்பக்கம் முழுதாகத் தூசி படிந்ததில்லை. டிக்கியின் மேல் எப்போதும் இரண்டு உள்ளங்கை அளவுக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும். அவை அம்மாவின் கைகள். அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கில் இருக்கும்.

அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... விடலாம்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அங்கே அவருக்கு 'மூச்சு சார்' என்றே பெயர். ஊரார் எலும்பையெல்லாம் ஊடுருவிப் பார்த்தவர், பழைய கார் வாங்கப் போனால் மட்டும் பெயிண்டைப் பார்த்து ஏமாந்து வருவார். விற்றவர் மேல் அவருக்குக் கோபமும் வராது. "மனுஷன் வண்டியைக் குழந்தை மாதிரி வச்சிருந்திருக்கார்" என்பார். குழந்தைதான், சந்தேகமில்லை. தானாக நடக்காது.

முதல் கார் சாம்பல் நிறம். எடைக்காகவும் பெட்ரோல் குடித்த அளவுக்காகவும் அம்மா அதற்கு யானை என்று பெயர் வைத்தாள். அடுத்தது தகரடப்பா. மழை பெய்தால் வெளியே இருப்பதைவிட அதன் உள்ளே சத்தம் அதிகம். மூன்றாவது வெள்ளை நிறம், பார்க்க நல்ல லட்சணம், ஆனால் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். பேட்டரியை மாற்றியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றினோம். பேட்டரி சரியானால் இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போகும், அது சரியானால் இன்னொன்று போகும். மெக்கானிக் எங்கள் வீட்டு உறவினர் போல ஆகிவிட்டார்.

காலையில் அப்பா சாவியைத் திருப்புவார். உள்ளேயிருந்து ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். அதற்குள் அம்மா கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு இறங்கியிருப்பாள். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மூச்சை இழுத்துப் பிடி... தள்ளு!" என்று கத்துவார். வண்டி உருண்டு வேகம் எடுத்ததும் இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார். ஒரு குலுக்கல், ஒரு இருமல், இஞ்சின் பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் அணைந்துவிடும் என்பது அப்பாவின் கட்சி. ஆகவே வண்டி மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். அம்மா கூடவே ஓடிவந்து, நான் திறந்து பிடித்திருக்கும் கதவு வழியாகத் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். அவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை. "டீச்சர், உங்க கை ஏன் தினமும் அழுக்கா இருக்கு?" என்று குழந்தைகள் கேட்பார்களாம்.

எனக்கு உடம்பில் கொஞ்சம் வலு வந்ததும் நானும் தள்ளினேன். அதன்பின் வீடு மாற்றினோம். மற்றவர்கள் வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். அப்பா வாசலில் நின்று தெரு சரிகிறதா என்று பார்த்தார். கிடைத்த சரிவு பெயருக்குத்தான். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் தள்ளு அம்மாதான் தள்ள வேண்டியிருந்தது. போய் இறங்கிய இடத்தில் அந்தச் சரிவும் இருக்காது.

யானை இருந்த காலத்திலேயே அம்மா ஒருநாள் கேட்டாள்.

"எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்களேன்."

"நீ ஸ்டியரிங்ல உக்காந்துட்டா வண்டியை யாரு தள்றது?" என்றார் அப்பா.

வீடே சிரித்தது. அம்மாவும்தான் சிரித்தாள். அவர் இறங்கித் தள்ளலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா கெட்டவரில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார். எக்ஸ்ரே அறையில் யார் கதவுக்கு உள்ளே, யார் வெளியே என்று ஒரு ஏற்பாடு உண்டல்லவா? கிளட்சு தெரிந்தவர் உள்ளே, தெரியாதவர் வெளியே என்பதும் அவருக்கு அந்த மாதிரி ஒரு ஏற்பாடு. அதை அவர் யோசித்ததே இல்லை.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்பா சொல்லும் கதை ஒன்று உண்டு. தகரடப்பா காலத்து மழைநாள். நான் ஏற்கெனவே பள்ளிக்குப் போயிருந்தேன். அம்மா தள்ளினாள், இஞ்சின் பிடித்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா ஓடிவந்தாள், கதவு எட்டவில்லை. செருப்பு ஒன்று தண்ணீரில் போயிற்று. "கண்ணாடியில பாக்கறேன், நனைஞ்ச கோழி மாதிரி ஓடி வர்றா. நிறுத்தினா அணைஞ்சிடும். கையைக் காட்டினேன், பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுன்னு. கண்ணாடியில அப்படியே சின்னதாகிட்டே போனா!" அந்தச் 'சின்னதாகிட்டே' வரும்போது அப்பா விரல்களைக் குவித்துக் காட்டுவார். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அம்மா தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

அப்பா ஓய்வு பெற இருந்த சமயத்தில் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது. பாத்திரம் தேய்த்துவிட்டு நிமிர முடியவில்லை. இடது கால் மரத்துப்போனது. முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார் டாக்டர். வேறு யாரையும் விடாமல் அப்பாவே எடுத்தார். அம்மாவைப் படுக்கவைத்து, தோளைத் தொட்டுச் சரிசெய்து, பழக்கதோஷத்தில் மரியாதையோடு, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது.

"என்னங்க, விடவா வேண்டாமா? செத்துடுவேன் போலிருக்கு!"

ஆயுள் முழுக்க மறக்காமல் சொன்ன 'விடலாம்' அவருக்கு அன்றைக்கு மறந்துபோயிற்று.

வெளியே வந்து, படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகுநேரம் நின்றார். இடுப்புக்கு மேலே, இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைக் காணவில்லை. டாக்டர் வந்து பார்த்து, "வயசானா வர்றதுதான் சார். காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாது" என்றார்.

"தினமும் கனமா எதையாவது தள்ளிட்டிருந்தா வருமா?"

"கனமான்னா?"

"கார் மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டார். "தினமும் யாரு சார் கார் தள்றாங்க?"

அப்பாவின் முகம் செத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாக இருந்தது. அதே நேரத்தில், இப்போதாவது உறைத்ததே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. இரண்டும் உண்மை.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிவிட்டார். மாப்பிள்ளைக்கு உறை போட்டு மூடினார். அம்மாவை இடுப்புக்கான உடற்பயிற்சி சிகிச்சைக்கு வாடகைக் காரில்தான் கூட்டிப் போனார். தண்ணீர்க் குடத்தைத் தொடவிட மாட்டார், தலையணையைத் தூக்கினால்கூட ஓடிவந்து வாங்கிக்கொள்வார். பெரியப்பா வந்தபோது, "டேய், அந்த மழைக் கதையைச் சொல்லேன்" என்றார். அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். "என்னடி ஆச்சு இவனுக்கு?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

மாதங்கள் போய் வலி குறைந்தது. நடக்கலாம், உட்காரலாம், குனிந்து கனம் தூக்கக்கூடாது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். மாப்பிள்ளையை விற்றுவிடலாம் என்றார் அப்பா.

"வித்துக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நான் ஓட்டணும்" என்றாள் அம்மா.

டாக்டரைக் கேட்டு, பழகுநர் உரிமம் வாங்கி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாப்பிள்ளையைக் கிளப்பி, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் அப்பா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பின் சீட்டில் இருந்தேன். அம்மா கிளட்சைப் படக்கென்று விட்டாள், வண்டி துள்ளி அணைந்தது. "பரவாயில்லம்மா" என்றார். அம்மா சுவரை நோக்கிப் போனாள். "பரவாயில்ல, பிரேக்கு, ஆமா, அதேதான்" என்றார். எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது இதே மனிதர் என் காது கிழியக் கத்தியவர்.

அம்மா இஞ்சினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்கு ஏதாவது பெரிய வியாதியா?"

"ஏன் அப்படிக் கேக்கற?"

"பின்ன என்ன? இவ்வளவு நல்லா நீங்க எங்கிட்டப் பேசினதே கிடையாது. எவ்வளவு நாள்னு சொல்லிட்டாரா டாக்டர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "வியாதி எல்லாம் இல்ல" என்றார். "நான்தான். தள்ளித் தள்ளித்தான் உன் இடுப்பு போச்சு. படத்துல பார்த்தேன். டாக்டர் இல்லேங்கறார். எனக்குத் தெரியும்."

"நான்தானே தள்ளினேன். நீங்க என்ன அடிச்சா தள்ள வச்சீங்க?"

"நீ ஓட்டக் கேட்டே. யாரு தள்றதுன்னு நான் சிரிச்சேன்."

அம்மா ஸ்டியரிங்கை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் சுபாவம் அது.

"ஆமா, கேட்டேன்" என்றாள்.

மைதானத்தைவிட்டுக் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினாள். முனகல்தான் வந்தது. இத்தனை வருட ஞாபகத்தில் அவள் கை தானாகக் கதவைத் திறக்கப் போயிற்று. அதற்குள் அப்பா இறங்கிவிட்டார். நான் இறங்கப் போனேன், கதவை வெளியிலிருந்து அழுத்தி மூடினார்.

"நீ இரு. நான் தள்றேன்."

பின் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். நரைத்த தலையைக் குனிந்து, டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். வண்டி அசைந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமாக மைதானம் கொஞ்சம் சரியும். அங்கே வந்ததும் வேகம் எடுத்தது. "இப்போ விடும்மா!" என்று நான் கத்தினேன். அம்மா கிளட்சை விட்டாள். குலுக்கல், இருமல், இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பிடிச்சிடுச்சுடி!" என்று சின்னப் பெண் மாதிரிக் கூவினாள்.

திரும்பிப் பார்த்தால் அப்பா ஓடிவந்துகொண்டிருந்தார். பத்தடி வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையை ஆட்டினார். போ, போ, நிறுத்தாதே, நான் வந்துக்கறேன் என்று. அவருக்கு அது வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். மைதானத்தில் தனியாக நின்று, அந்தக் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போக வேண்டும் என்று.

அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது, இஞ்சினும் அணைந்தது.

அப்பா தட்டுத்தடுமாறி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைத்தது.

"ஏம்மா நிறுத்தின? நிறுத்தினா அணைஞ்சிடும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"பின்ன?"

"நீங்க ஏறலையே" என்றாள் அம்மா.

அப்பா ஜன்னலை விட்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வண்டிக்குப் பின்னால் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன்.

"உக்காருடி" என்றாள் அம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் தள்ளட்டும்."