கியர் அவளுடைய கையில்

எண்பதுகளின் தொடக்கத்தில் துணுக்காய்ப் பக்கம் வயல் செய்துகொண்டிருந்தோம். மல்லாவிச் சந்தைக்குச் சைக்கிளில் முன்னால் கத்தரிக்காய்ப் பை, பின்னால் மனைவி. குளக்கட்டு ஏற்றம் வந்தால் அவள் இறங்கித் தள்ளுவாள்.

அவளுடைய அண்ணன் கொழும்பிலிருந்து ஐந்து கியர் வைத்த பின்சக்கரச் சில்லொன்றும் அதற்கான சங்கிலியும், கியர் மாற்றும் பொறியும் அதன் கம்பியும் கொண்டுவந்தார். எங்கள் பழைய இரும்புச் சைக்கிளுக்குச் அந்தச் சில்லு ஒரு விரல் அகலம் கூடுதல். நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சில்லுப் பூட்டும் பின்கவட்டை இழுத்து விரித்தோம். இருந்ததே அந்த ஒரு சைக்கிள்தான், முறிந்தால் போச்சு. நல்லவேளை, முறியவில்லை.

கம்பியை இழுத்துக் கியர் மாற்றும் பிடி மட்டும் இல்லை.

"கம்பியை என்னட்டத் தாங்கோ," என்றாள். நுனியில் தடித்துண்டொன்றைக் கட்டிக் கொடுத்தேன்.

குளக்கட்டு வந்தது. "இழும்!" என்று கத்தினேன். சங்கிலி கடகடவென்று பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது.

"இழுத்தாச்சு, உழக்குங்கோ!"

உழக்க மிதி பஞ்சாக லேசாகிவிட்டது, அவள் இறங்காமலே ஏறினோம். உச்சிக்கு வந்ததும், "இப்ப விடும்," என்றேன்.

"நான் நினைக்கேக்கதான் விடுவன்!"

குளத்தில் குளித்தவர்கள் கைதட்ட, இருவரும் சிரித்தபடியே மறுபக்கச் சரிவில் இறங்கினோம்.

பிறகு அண்ணன் பிடியையும் கொண்டுவந்தார். நான் பூட்டவில்லை. பின்னாலிருந்து "உழக்குங்கோ" என்று கேட்காவிட்டால் என் கால்களுக்கு வேலை ஓடாது.