ரயிலை நம்பிப் பெண் கொடுத்தவர்

மாப்பிள்ளையின் குணம், குடும்பம், தொழில் எல்லாம் விசாரித்துப் பெண் கொடுப்பது ஊர் வழக்கம். ராஜபாளையம் சேக் முகைதீன் ரயிலையும் சேர்த்து விசாரித்தார். மகள் சப்ரீனுக்குப் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தே ஒரு வரன் வந்தது. மனைவி மெகராஜ் பேகத்துக்கு அதில்தான் மனசு. இவரோ கிழக்கே கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றிலிருந்து வந்த வரனைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸுல நின்னுக்கிட்டுல்லா போகணும். அங்கன்னா படுத்துக்கிட்டே போயிரலாம். ராத்திரி பாசஞ்சர்ல ஏறினா விடியக்காலம் மக வீட்டு வாசல்,” என்றார்.

சப்ரீன் தயங்கினாள். “மாசம் ஒருக்க அத்தா வந்து நிப்பேன்டா,” என்று வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு வாக்குக்காகத்தான் அவள் தலையாட்டினாள்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். நூல் மில்லில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டு, பாசஞ்சரில் துண்டை விரித்துப் படுத்தால் லீவு நாள் முழுக்க மகளோடு. திரும்பவும் அதே வண்டியில் படுத்து வந்து, இறங்கி நேரே மில்லுக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் அந்த வண்டியை மாட்டுவண்டி என்று கேலி பேசியது. அவருக்கு அதுவே சொர்க்கம். சர்க்கரை உடம்பு, நாலு தடவை எழுந்திருக்க வேண்டும். கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. சம்பந்தி ஜபருல்லா வீட்டில் வயிறு முட்டத் தின்பார், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். “சம்பந்தி வந்தா வீடே நெறஞ்சு போகுது” என்பார் ஜபருல்லா.

கொரோனா வந்தது, எல்லா வண்டியும் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. ராத்திரி பாசஞ்சர் மட்டும் வரவில்லை. மனுக் கொடுத்தவர்களும் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனார்கள். நிறுத்தியவர்களுக்கு அது காலியாக ஓடிய ஒரு வண்டி. அதில் ஒரு தகப்பனின் வாக்கு ஏறி உட்கார்ந்திருந்தது யார் கண்ணுக்குத் தெரியும்?

சேக் முகைதீன் பஸ்ஸில் கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதுமே அடிவயிறு முட்டியது. மதுரை வரை எப்படியோ போய் இறங்கிவிட்டார். அங்கே மாறி ஏறிய பஸ்ஸில்தான் அது நடந்தது. கண்டக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “பெரியவரே, ஏறும்போதே போயிட்டு ஏறக் கூடாதா?” என்று அவர் அலுத்துக்கொண்டு விசில் அடிப்பதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண், தன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்த நகரல்தான் அவரைக் கொன்றது. இறங்கி, கண்ணில் பட்ட குழாயில் வேட்டியை அலசிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். மெகராஜிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று முதல் மகளிடம், “மில்லுல லீவு தரமாட்டேங்காங்கம்மா.” வேலையை விட்டு நின்ற பிறகு, “முட்டுவலி.” பொய்க்கு மேல் பொய்யாக வருஷங்கள் ஓடின.

போன பக்ரீதுக்கு முன்னால் சப்ரீன் போனில் அழுதாள். “மாமா கேக்காக அத்தா. உங்க அத்தா ஏன் வாரதேயில்ல, நாங்க என்ன கொறை வச்சோம்னு. எனக்கு மூஞ்சி காட்ட முடியல. ஒரு தடவ வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனாப் போதும்.”

“வாரேன்மா. பெருநாளைக்கு மறுநா வாரேன்.”

பெருநாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்தினார். மறுநாள் பஸ் மாறி பஸ் ஏறி, மத்தியானம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜபருல்லா வாசலுக்கே வந்து கட்டிப்பிடித்தார். சப்ரீன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிரியாணி வைத்து, பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். சாயங்காலமே திரும்ப வேண்டும். சம்பந்தி வீட்டில் படுத்து, பெண்கள் தூங்குகிற கூடத்தைத் தாண்டி ராத்திரி நாலு தடவை நடப்பதை நினைத்தாலே கூசியது. வழியில் மறுபடி அந்த பஸ். பிரியாணி தின்றால் தண்ணீர் குடிக்காமல் தீராது. பயத்தில் வாய் உளறிவிட்டது.

“நோன்பும்மா.”

பெருநாளைக்கு அடுத்த நாட்களில் நோன்பு வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“நேத்துத்தான சம்பந்தி பெருநா,” என்றார் ஜபருல்லா, மெதுவாக. பிறகு பிரியாணி வைத்த சகன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “பிடிக்கலைன்னா விடுங்க” என்றார். சப்ரீன் தலை நிமிரவேயில்லை.

சலாம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். சப்ரீன் டம்ளரோடு பின்னால் ஓடிவந்தாள். “உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. குடிங்க அத்தா.”

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று ஒரே மூச்சில் குடித்தார். நிமிர்ந்தால், வாசலில் ஜபருல்லா பார்த்துக்கொண்டு நின்றார். சப்ரீனும் திரும்பி அதைப் பார்த்தாள்.

“இத உள்ள இருந்து குடிச்சிருக்கலாம்ல?” என்றாள்.

சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன் அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வேட்டி நனைந்த கதையை எந்தத் தகப்பன் மகளிடம் சொல்லுவான்?

“இனிமே நீங்க வர வேண்டாத்தா,” என்றாள் சப்ரீன், காலி டம்ளரை வாங்கிக்கொண்டு. “நானே ஏதாச்சும் சொல்லிக்கிடுதேன்.”

பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறைக்கு எதிரே உட்கார்ந்தார். மதுரை பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது. மகள் கொடுத்த தண்ணீர் இறங்கட்டும் என்று இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.